சிற்றில் கட்டும் சிறார்

திருக்கோவிலிலிருந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே கடலும் மேற்கே களப்பும் வயலுமாகக் கிடக்கும் சிற்றூர் கோமாரி. மாலை வெயில் தணிந்த வேளையில் கரையில் இறங்கி நின்றால், குழந்தைகள் ஈரமணலில் வீடு கட்டுவதைக் காணலாம். பாதத்தை மணலுள் புதைத்து, மேலே ஈரமண்ணை அப்பித் தட்டி, பாதத்தை மெல்ல உருவிக்கொண்டால் ஓர் அறை உண்டாகிவிடும். கிளிஞ்சல் பதித்தால் வாசல். ஈர்க்குக் குத்தினால் வேலி. ஒருத்தி தண்ணீர் மொண்டு வருவாள். ஒருவன் மண் குவிப்பான். இன்னொருவன் வேலைக்குக் கைகொடாமல் யோசனை மட்டும் சொல்வான். அடுத்த பெரிய அலை வரும்வரை அந்த வீடு நிற்கும்.

அதே ஊரில், சற்று உள்ளே, ஒரு வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் ஒரே கைத்தொலைபேசியைச் சூழ்ந்திருப்பதையும் இன்று காணலாம். அவர்களும் வீடுதான் கட்டுகிறார்கள். திரையினுள்ளே சதுரக் கல்லின்மேல் சதுரக் கல்லாக அடுக்குகிறார்கள். அந்த வீட்டின் மறுபக்கச் சுவரை எழுப்புகிறவன் கல்முனையிலிருக்கும் நண்பனாக இருக்கலாம். கட்டாரிலோ கனடாவிலோ வாழும் மாமன் மகனாகவும் இருக்கலாம். மைன்கிராப்ட் என்றும் ரொப்லொக்ஸ் என்றும் உலகெங்கும் பெயர் பெற்ற இணையக் கட்டட விளையாட்டுக்கள் நமது கரையையும் வந்தடைந்துவிட்டன.

முதற் காட்சியைக் கண்டு நாம் மகிழ்கிறோம்; இரண்டாவதைக் கண்டு முகம் சுளிக்கிறோம். 'பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்கின்ற நாம் அவ்வளவில் நின்றுவிடலாமா? பிள்ளைகள் எந்தக் காலத்திலிருந்து வீடு கட்டி விளையாடுகிறார்கள்? அந்த விளையாட்டின் நிலம் யாருடையதாக இருந்தது? இன்று யாருடையதாக இருக்கிறது? இவ்வினாக்களுக்கு வரலாறு தருகின்ற விடையைத் தெரிந்துகொண்ட பின்னரே நாம் முகம் சுளிக்க வேண்டியது பிள்ளையைப் பார்த்தா, வேறொருவரைப் பார்த்தா என்று முடிவு செய்ய இயலும்.

*

தமிழ் இலக்கியத்தில் இவ்விளையாட்டுக்குச் 'சிற்றில்' என்று பெயர். சிறுமை கூட்டல் இல்; சின்ன வீடு. சங்க நூல்கள் பலவற்றில் சிற்றில் இழைக்கும் சிறுமியர் வருகிறார்கள். கலித்தொகையில் தெருமணலில் தோழியர் கட்டிய சிற்றிலைக் காலால் சிதைத்தோடும் பையன் பின்னர்க் காதலனாக வந்து நிற்பதைக் கற்றவர் அறிவர். பக்தி இயக்கக் காலத்தில் ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியில், எங்கள் சிற்றிலைச் சிதையாதே என்று ஆயர் சிறுமியர் கண்ணனிடம் இரக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை தோன்றி நிலைபெற்றபோது, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் எட்டாவதாகச் சிற்றிற் பருவமே அமைந்தது. தெய்வங்கள்மீதும் அரசர்மீதும் பிள்ளைத்தமிழ் பாடப்பட்டது. நமது முஸ்லிம் புலவர்களும் நபிகள் நாயகத்தைக் குழந்தையாகப் பாவித்துப் பிள்ளைத்தமிழ் பாடினர். மதம் மாறினாலும் மணலும் மழலையும் மாறவில்லை.

இங்கே இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியன. முதலாவது, சிற்றில் உழைப்பைப் பார்த்துப் பிறந்த விளையாட்டு. தாய் மண் குழைத்துத் திண்ணை மெழுகுவதையும், தந்தை கூரை வேய்வதையும் கண்டிராத பிள்ளை மணலில் வீடு கட்டாது. மனிதனின் உழைப்பையும் தேனீயின் உழைப்பையும் ஒப்பிட்ட கார்ல் மார்க்ஸ், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் ஓர் உண்மையைச் சுட்டினார். தேனீயின் கூடு எவ்வளவு நுட்பமாயினும், மிகச் சாதாரணக் கட்டடக் கலைஞனும் அதனினும் உயர்ந்து நிற்கிறான். ஏனெனில் அவன் கட்டடத்தை முதலில் மனத்தில் எழுப்பிப் பின்னரே மண்ணில் எழுப்புகிறான். சிற்றில் கட்டும் சிறுமி அந்த மனித ஆற்றலின் முதற் பயிற்சியைப் பெறுகிறாள். மனத்தில் கண்டதைக் கையால் ஆக்குகிறாள். அதுவும் தனியே அல்ல, பிறரோடு கூடி ஆக்குகிறாள்.

இரண்டாவது, சிற்றிலின் நிலம் எவருக்கும் சொந்தமானதன்று. தெருமணல் ஊருக்குப் பொது. கடற்கரை எல்லோருக்கும் பொது. மணலுக்கு வாடகை இல்லை. சிதைக்கிறவன் பக்கத்து வீட்டுப் பையன். அவன்மீது கோபிக்கலாம், அழலாம், மீண்டும் கட்டலாம். அலை அழித்துவிட்டால் அலையின்மேல் எவருக்கும் பகையில்லை. ஆனால் நாம் இதனைப் பொற்காலமாக்கிக் காட்டவும் கூடாது. அந்தச் சமுதாயத்தில் சிற்றில் கட்டியவள் பெண், சிதைத்தவன் ஆண். சிதைப்பவனிடம் இரந்து நிற்பதையே இலக்கியம் அவளுக்கு இனிய கடமையாக வகுத்தது. எல்லாத் தெருவின் மணலிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கூடியாட முடிந்ததா என்று கேட்டால், அதற்கும் நேர்மையான விடை 'இல்லை' என்பதே. பொதுநிலம் என்பது அன்றும் முழுமையாகப் பொதுவாக இருக்கவில்லை. ஆயினும் அதனை விலைக்கு விற்றவர் எவருமில்லை.

*

ஐரோப்பாவில் கைத்தொழிற் புரட்சி பரவிய காலத்தில் பிள்ளைகளின் கட்டட விளையாட்டு கல்வியாளர்களின் சிந்தனைக்கு வந்தது. யேர்மானியரான பிரீட்ரிக் புரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பூர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படக் கிண்டர்கார்டன் எனப் பெயரிட்டார். மரக் கனசதுரங்களையும் அவற்றைப் பகுத்த துண்டுகளையும் பிள்ளைகளின் கையில் கொடுத்து, கட்டியும் கலைத்தும் உலகைக் கற்கச் செய்தார். பிள்ளை கையால் சிந்திக்கிறது என்பதே அவர் கண்ட உண்மை. இதில் ஆள்வோருக்கு என்ன அச்சம் இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் 1851இல் பிரஷ்ய அரசாங்கம் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சமதர்மமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டே புரோபெல் மறைந்தார். 1860இல்தான் தடை நீங்கியது. மரக்கட்டை அடுக்கும் குழந்தையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால், அக்குழந்தையின் கையில் இருப்பது வெறும் மரக்கட்டை அன்று என்பது விளங்கும்.

1907இல் மரியா மொண்டிசோரி உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவரே 1939இல் சென்னை அடையாறு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். ஆனால் காலம் செல்லச் செல்ல, தொழிலாளர் குழந்தைகளுக்காகப் பிறந்த கருவிகள் பணம் படைத்தோர் பாலர் பள்ளிகளின் அணிகலன்களாகிவிட்டதை நமது நகரங்களிலேயே கண்டுவருகிறோம்.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடும் அத்தியாயம் டென்மார்க்கில் எழுதப்பட்டது. ஆண்டு 1943. நாடு நாசிப் படைகளின் பிடியில் இருந்தது. கொப்பன்ஹேகன் நகரின் எம்டுருப் பகுதியில், தொழிலாளரின் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில், ஒரு புதுவகை விளையாட்டிடம் திறக்கப்பட்டது. அங்கே ஊஞ்சலோ சறுக்குமரமோ இல்லை. பழைய பலகை, செங்கல், கயிறு, ஆணி, சுத்தியல், மண்வெட்டி ஆகியனவே இருந்தன. நிலவமைப்புக் கலைஞரான சோரென்சன், தாம் அமைத்த அழகிய விளையாட்டுத் திடல்களை விட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேடுகளிலுமே விளையாட விரும்புவதைக் கண்டவர். அந்த விருப்பத்துக்கு ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் கூடிக் குடிசைகள் கட்டினர், இடித்தனர், மீண்டும் கட்டினர். பெரியவர் ஒருவர் துணைக்கு இருந்தார், கட்டளையிடவில்லை. போர் முடிந்தபின் 1946இல் அதைக் கண்டு திரும்பிய அலன் சீமாட்டி பிரித்தானியாவில் அக்கருத்தைப் பரப்பினார். குண்டு விழுந்து பாழான மனைகளில் பிள்ளைகள் கட்டத் தொடங்கினர். பெரியவர்கள் இடித்த இடத்திலேயே சிறியவர்கள் கட்டினார்கள் என்பதைவிடச் சமாதானத்துக்கு வேறு சின்னம் வேண்டுமா?

அதே டென்மார்க்கில், பில்லுண்ட் என்ற கிராமத்துத் தச்சர் ஒருவர் 1932இல் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். அந்தப் பட்டறையே பின்னர் லெகோ நிறுவனமாயிற்று. ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் பிளாஸ்ரிக் கல்லுக்கு 1958 சனவரி 28இல் காப்புரிமை கோரப்பட்டது. சிற்றிலின் மணலுக்கு இல்லாத ஒன்று இக்கல்லுக்கு இருந்தது, அதுதான் விலை. எம்டுருப்பும் பில்லுண்டும் ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த இரு பாதைகள். ஒன்றில் பிள்ளை பொதுநிலத்தில் கழிவுப் பொருளைக் கொண்டு கட்டுகிறது. மற்றொன்றில் வாங்கிய பொருளைக் கொண்டு வீட்டினுள் கட்டுகிறது. உலகச் சந்தை எந்தப் பாதையைப் பெரிதாக்கியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

*

கணினி வலைப்பின்னலில் பலர் கூடி ஆடும் விளையாட்டு ஒன்று 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் இருவரின் முயற்சியில் பிறந்தது. படமில்லை, எழுத்து மட்டுமே. 1989இல் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் எழுந்த 'டைனிமட்' என்னும் விளையாட்டில், ஆடுவோரே புதிய அறைகளையும் பொருள்களையும் ஆக்கிச் சேர்க்க முடிந்தது. இவற்றை ஆக்கிய மாணவர்கள் இலாபம் கருதியவர்கள் அல்லர். தாம் கட்டிய அறைக்குள் இன்னொருவர் வந்து நிற்பதில் உள்ள மகிழ்ச்சியே அவர்களைத் தூண்டியது. அதுவும் ஒருவகைச் சிற்றில்தான்.

2009 மே மாதம், சுவீடன் நாட்டு நிரலர் மார்க்குஸ் பெர்சொன் மைன்கிராப்ட் விளையாட்டின் முதற் பதிப்பை வெளியிட்டார். சாக் பார்த் என்பவர் அதற்குச் சற்று முன்னர் ஆக்கிய 'இன்பினிமைனர்' என்ற விளையாட்டே அவருக்குத் தூண்டுகோல். முழுமையான பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. பிள்ளைகளை இது ஏன் இவ்வளவு கவர்ந்தது என்பதை ஆராய வேண்டும். உலகம் முழுவதும் சதுரக் கற்களால் ஆனது. ஒரு கல் ஒரு மீற்றர் கனசதுரம். ஆடுபவன் வெறுங்கையோடு அவ்வுலகில் இறங்குகிறான். மரத்தை வெட்டிப் பலகை ஆக்குகிறான். பலகையால் மரக்கருவி செய்கிறான். மரக்கருவியால் கல்லை உடைத்துக் கற்கருவி செய்கிறான். கல்லால் உலை கட்டி இரும்பை உருக்குகிறான். இருட்டுமுன் வீடு எழுப்பாவிட்டால் பகைப் பூதங்கள் வந்துவிடும். மனிதகுலம் கற்காலத்திலிருந்து இரும்புக்காலம் வரை நடந்த நெடும்பாதையைப் பத்து வயதுப் பிள்ளை ஒரு மாலையில் நடந்து முடிக்கிறது. கருவியும் உழைப்புமே மனிதனை ஆக்கின என்ற பாடத்தை நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம்; இவ்விளையாட்டு பிள்ளையின் கையாலேயே செய்து பார்க்க வைக்கிறது.

பலர் கூடிக் கட்டும்போது இன்னும் ஒரு பாடம் உண்டு. ஒருவன் சுரங்கம் தோண்ட, ஒருவன் பயிரிட, ஒருவன் சுவர் எழுப்பும் வேலைப்பிரிவினையைப் பிள்ளைகள் தாமே வகுத்துக்கொள்கிறார்கள். பிறர் கட்டியதை இடிக்கிறவனை என்ன செய்வது என்று விதிகள் வகுக்கிறார்கள். 2014இல் டென்மார்க்கின் நில அளவைத் துறை தன் நாடு முழுவதையும் மைன்கிராப்டினுள் அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. விரைவிலேயே சிலர் உள்ளே புகுந்து வெடி வைத்தனர். அமெரிக்கக் கொடியையும் நாட்டினர். கலித்தொகைப் பையன் காலால் செய்ததையே இவர்கள் வெடியால் செய்தார்கள். சிதைந்தது பின்னர்த் திருத்தப்பட்டது.

*

இனி, நிலம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம்.

2010 ஒக்டோபரில் 'லெகோ யூனிவர்ஸ்' என்ற இணையக் கட்டட விளையாட்டு தொடங்கப்பட்டது. எதிர்பார்த்த வருவாய் கிட்டவில்லை. 2012 சனவரி இறுதியில் அது மூடப்பட்டது. பிள்ளைகள் பதினைந்து மாதங்களாகக் கட்டிய அனைத்தும் அன்றோடு அவர்கள் கைக்கு எட்டாமற் போயின. கோமாரியில் அலை வந்து சிற்றிலை அழிக்கிறது. அங்கே கணக்கேடு அழித்தது. அலைக்கு இலாப நட்டம் தெரியாது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

மைன்கிராப்டின் கதை வேறுவகை. அதன் வளர்ச்சியில் பெரும்பங்கு கூலியற்ற உழைப்புடையது. பலர் கூடியாடுவதற்கான வழங்கிகளை நடத்த உதவிய 'பக்கிட்' என்ற மென்பொருளைத் தன்னார்வலர் பலர் ஆண்டுக்கணக்கில் வளர்த்தனர். 2014 ஆகஸ்டில், அத்திட்டம் தனக்கே உரியது என்று விளையாட்டின் உரிமை நிறுவனமான மொஜாங் அறிவித்தபோதுதான் அது முன்னரே கைமாறியிருந்தது பலருக்குத் தெரியவந்தது. அடுத்த மாதமே மொஜாங் நிறுவனத்தை 250 கோடி டொலருக்கு வாங்குவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. 2023க்குள் 30 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. அதே 2023இல், பழைய கணக்குகளை மைக்ரோசொப்ட் கணக்குகளாக மாற்றிக்கொள்ளக் கெடு விதிக்கப்பட்டது. மாற்றாதவர்கள் தாம் விலை கொடுத்து வாங்கிய விளையாட்டினுள்ளேயே நுழைய முடியாதவர்கள் ஆயினர். வீட்டைக் கட்டியவன் பிள்ளை. வாசற் சாவி வேறொருவர் இடுப்பில்.

ரொப்லொக்ஸில் இந்த உறவு இன்னும் வெளிப்படை. 2006இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இவ்விளையாட்டரங்கில், விளையாட்டுக்களை நிறுவனம் ஆக்குவதில்லை, பயன்படுத்துவோரே ஆக்குகிறார்கள். அவர்களுட் பலர் சிறுவரும் இளைஞருமே. 2021இல் நிறுவனம் நியூயோர்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2024இல் நாளொன்றுக்கு எட்டுக் கோடிக்கும் மேற்பட்டோர் அதில் ஆடினர். அவ்வாண்டு அதன் வருவாய் ஏறத்தாழ 360 கோடி டொலர். ஆக்கியோருக்கு வழங்கப்பட்டது ஏறத்தாழ 92 கோடி டொலர்.

அங்கே வழங்குவது 'ரோபக்ஸ்' என்னும் நாணயம். இதன் இயல்பு எளிதில் விளங்கும். பிள்ளை காசு கொடுத்து ரோபக்ஸ் வாங்கும்போது ஒரு விலை. உழைத்துச் சேர்த்த ரோபக்ஸைக் காசாக மாற்றும்போது வேறொரு விலை. இரண்டாவது, முதலாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அப்படி மாற்றுவதற்கும் குறைந்த அளவு ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். 2021இல் ஒரு லட்சம் ரோபக்ஸாக இருந்த அந்த அளவு, கண்டனங்கள் எழுந்தபின் குறைக்கப்பட்டது. கணினி வழங்கிகளை நடத்தவும் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கவும் செலவாகிறது என்று நிறுவனம் சொல்கிறது. செலவு உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பும் போதியதாக இல்லை என்று பெற்றோர் வழக்காடினர். 2024 ஆகஸ்டில் துருக்கி அவ்விளையாட்டரங்கையே தடை செய்தது. விளையாட்டு என்ற பெயரில் உழைப்பும், உழைப்பு என்று பெயர் பெறாததால் உரிமையின்மையும் இங்கே கைகோத்து நிற்கின்றன. சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் சிறுவர் உழைப்பைத் தடுக்கச் சட்டங்கள் எழ ஒரு நூற்றாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. பிள்ளை விரும்பிச் செய்கின்ற உழைப்புக்கு என்ன சட்டம் என்பதை இந்த நூற்றாண்டு இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.

*

மீண்டும் கோமாரிக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரையில் வந்த அலை சிற்றிலை அழிக்கும் அலை அன்று. இலங்கையில் 35,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை, 10,000க்கும் மேல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரை முழுவதும் ஒரே காலையில் இழவு வீடாயிற்று. அலை ஊர்ப் பெயரையும் கேட்கவில்லை, மதத்தையும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் விதித்தனர். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். கடலை நம்பி வாழும் மீனவன் எங்கே போவான் என்ற கேள்விக்கு விடை சொல்லப்படவில்லை. பின்னர் விதி தளர்த்தப்பட்டது. அக்கரைப்பற்றைச் சேர்ந்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு எந்த விகிதத்தில் வழங்குவது என்ற இனப் பிணக்கிலும் வழக்கிலும் சிக்கி, அவ்வீடுகள் பல ஆண்டுகள் ஆளற்றுக் கிடந்தன. வீடற்றோர் ஒரு பக்கம். காடு மண்டிய வீடுகள் மறு பக்கம். திண்ணைச் சிறுவன் திரையில் கட்டிய வீட்டிலாவது அவனுடைய நண்பர்கள் நுழைந்து திரிகிறார்கள். பெரியவர்கள் கல்லாலும் சிமெந்தாலும் கட்டிய வீடுகளில் ஒரு குழந்தைகூட விளையாடவில்லை. விளையாட்டு எது, வாழ்க்கை எது என்று இதற்குப் பின்னும் பிள்ளைகளுக்குப் போதிக்க நமக்கு என்ன தகுதி?

சுனாமிக்குப் பின் எழுந்த வீடுகள் பலவற்றில், அடுப்படி எந்தத் திசையில் இருக்க வேண்டும், வலை உலர்த்த எங்கே இடம் வேண்டும் என்று அங்கே வாழப்போகிறவர்களைக் கேட்டுக் கட்டியவை குறைவு. மாறாக, 2012இல் ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்ட அமைப்பும் மொஜாங் நிறுவனமும் சேர்ந்து ஒரு முயற்சி தொடங்கின. ஊர்ப் பொது இடங்களை அமைக்குமுன், அவ்வூர் இளைஞரையும் பெண்களையும் மைன்கிராப்டில் அவற்றைக் கட்டிக் காட்டச் செய்வதே அத்திட்டம். நைரோபியின் கிபேரா சேரியில் விளையாட்டுத் திடல் ஒன்று இவ்வாறு திட்டமிடப்பட்டது. ஹெயிட்டி நாட்டின் லெ காய் என்னும் கரையூரில் மீனவரும் கூடித் தம் கரையின் தோற்றத்தை வகுத்தனர். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் கல்லடுக்கிக் காட்ட முடிந்தது. 2020 மார்ச்சில் எல்லையற்ற நிருபர்கள் என்ற அமைப்பு மைன்கிராப்டினுள் பெரியதொரு நூலகத்தைக் கட்டுவித்து, பல நாடுகளில் தடைசெய்யப்பட்ட கட்டுரைகளை அங்கே வைத்தது. செய்தித்தாளை முடக்கிய அரசுகள் பிள்ளைகளின் விளையாட்டை முடக்க மறந்தன. 1851இன் பிரஷ்ய அரசாங்கம் இவ்வகையில் அவர்களைவிடக் கூர்மையானது போலும்!

ஆகவே கருவியில் குற்றமில்லை. இயந்திரத்தை உடைத்தால் விடுதலை வரும் என்று நம்பிய தொழிலாளியின் தவற்றை நாம் மறுபடியும் செய்ய வேண்டியதில்லை. கைத்தொலைபேசியைப் பறிப்பதனால் பிள்ளை மணலுக்குத் திரும்பிவிடாது. கேள்வி உடைமை பற்றியது.

உடைமையோடு வர்க்கக் கேள்வியும் சேர்ந்தே வருகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடம் கைத்தொலைபேசிக்குள் போனபோது, எந்த வீட்டில் தொலைபேசி உண்டு, எந்த வீட்டில் இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது. 2022இல் நாடு கடன் தீர்க்க வழியின்றி நின்றபோது மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. இன்றும் ஒரு தொலைபேசியைச் சூழ்ந்து நால்வர் இருந்தால், கட்டுபவன் ஒருவன், பார்ப்பவர் மூவர். அந்த மூவருள் சிறுமியரே மிகுதி. சங்க காலத்தில் சிற்றில் கட்டியவள் இன்று கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னேறிவிட்டாள் என்று நம்மால் சொல்ல இயலுமா?

*

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, இவ்விளையாட்டுக்களில் பொதுவுடைமையான ஒன்றும் இருக்கிறது என்பதை அறிவோம். 2010இல் பின்லாந்து நிரலர் ஒருவர் தொடங்கி, பல நாட்டுத் தன்னார்வலர் வளர்த்துவரும் 'மைன்டெஸ்ட்' என்னும் கட்டட விளையாட்டு, 2024 ஒக்டோபரில் 'லுவாந்தி' என்று பெயர் மாறியது. அதற்கு விலை இல்லை. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பாடசாலைக் கணினி அறையில், இணையமே இல்லாமல், ஒரு கணினியை வழங்கியாக்கி மற்றவற்றை அதனோடு இணைத்து வகுப்பு முழுவதும் கூடிக் கட்டலாம். சாவி ஆசிரியரிடமும் மாணவரிடமும் இருக்கும். மூடிவிட எந்தக் கணக்கேடும் வராது.

இரண்டாவதாக, அதனைத் தமிழில் ஆக்குவோம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் 1930களில் சென்னையில் முன்னின்று உழைத்தார். அவர் பிறந்த மண்ணிலிருந்து கோமாரி தொலைவில் இல்லை. உலை, துலா, அணைக்கட்டு, வான்கதவு, தறி, பாவு, களப்பு, கரைவலை என்று நமது வாழ்க்கையில் உள்ள சொற்கள் அந்தச் சதுர உலகினுள் நுழையட்டும். மருதமுனைத் தறியையும் அக்கரைப்பற்று வயல் வாய்க்காலையும் பிள்ளைகள் கட்டிப் பார்க்கட்டும்.

மூன்றாவதாக, ஊரைக் கட்டச் சொல்வோம். கோமாரிப் பிள்ளைகளும் கல்முனைப் பிள்ளைகளும் கூடித் தமது கரையை ஒரே உலகில் கட்டட்டும்: எங்கே தோணி நிற்க வேண்டும், எங்கே தாழை நட வேண்டும், அடுத்த பேரலை வந்தால் எந்த வழியில் ஓட வேண்டும், யாருக்கு எங்கே வீடு வேண்டும் என்று. நுரைச்சோலைக் கணக்கைப் பெரியவர்கள் விகிதம் பார்த்துப் போட்டார்கள்; பிள்ளைகள் தேவை பார்த்துப் போடுவார்கள் என்று நாம் எதிர்பார்க்கலாம். அவர்கள் போட்ட கணக்கைப் பிரதேச சபைக்கு எடுத்துச் செல்வது நமது பொறுப்பு.

நான்காவது, மிக எளியது. மணலைக் காப்பாற்றுவோம். கடற்கரை ஊருக்குப் பொதுவாக இருக்கும்வரைதான் சிற்றில் உண்டு. விடுதிக்காரன் வேலியிட்டாலும் மணல் ஏற்றும் லொறி வந்தாலும் அது பிள்ளைகளின் பிரச்சினையும்தான் என்று சொல்ல ஒருவராவது வேண்டும். எம்டுருப் தொழிலாளர்கள் அந்நியப் படையின் நிழலிலேயே தம் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்கினார்கள். 1945இல் கன்னங்கரா காலத்தில் இந்த நாடு கல்வியை எல்லோருக்கும் இலவசமாக்கியது. படிப்பதற்குப் பொதுநிலம் வேண்டும் என்று அன்று ஒப்புக்கொண்ட சமுதாயம், விளையாடுவதற்கும் அது வேண்டும் என்று இன்று ஒப்புக்கொள்வதில் என்ன தடை?

கோமாரிக் கரையில் இருள் சூழ்கிறது. அலை வந்து இன்றைய சிற்றிலை எடுத்துப் போய்விட்டது. பிள்ளைகள் மணலைத் தட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். நாளை மாலை வந்து மீண்டும் கட்டுவார்கள். அதைக் கேட்டு அவர்களிடம் எவரும் காசு வாங்கமாட்டார்கள். கட்டக்கூடாது என்று எவரும் கதவடைக்கமாட்டார்கள். திண்ணையிலிருக்கும் பிள்ளைகளுக்கும் அத்தகைய ஒரு கரையை உண்டாக்கிக் கொடுப்பதே நம் முன்னுள்ள வேலை.